ஈரத்துண்டில் நிற்காத புகை

இந்தத் துண்டைத் துவைக்கவும் மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. போன வாரத்திலிருந்து டியூட்டி ரூமில் என் மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது. பச்சைக் கரை வைத்த குற்றாலத் துண்டு. என் கைக்கு வந்தபோது சொட்டச் சொட்ட ஈரம். இப்போது காய்ந்து மொடமொடத்துவிட்டது. இன்று காலையில் செருப்பைத் தேடிக் குனிந்தேன். பை வாய் பிரிந்திருந்தது. குப்பென்று அந்த நெடி. உமி கருகின நெடி. அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுவயலில் ரைஸ் மில் சுவரை ஒட்டின வீட்டிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்தவள் நீ. எனக்குத்தான் அது இன்னும் பழகவில்லை. டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

துண்டுக்குச் சொந்தக்காரர் பெயர் கருப்பையா. உங்கள் ஊர் மில் ஒன்றில் மூட்டை தூக்குகிறவர். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயோடு படுத்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் குழாயை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். எடுத்தால் அவராக மூச்சு விடுவாரா, குரல் வருமா, திரும்பவும் குழாய் போட வேண்டி வருமா, ஒன்றும் தெரியாது. அவர் பெண்சாதி வள்ளி போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறாள். இன்னும் பண்ணவில்லை. அதுவரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. யாரிடமாவது பேசலாம் என்றால், இந்த ஆஸ்பத்திரியில் இதைப் பேச உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. நீயோ போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அதனால் எழுதுகிறேன். ஆயாம்மா பார்த்தால், "செத்தவுகளுக்கா சிஸ்டர் கடுதாசி எழுதுறீக?" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தீக்காய வார்டுக்கு வந்தோம். யாரும் கேட்டு வாங்கிக்கொள்கிற வார்டு அல்ல அது. முதல் நாளே, கொசுவலைக்குள் படுத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ வந்து தட்டினாய்.

"ஏ மும்தாசு, உள்ள என்ன பிரியாணியா கிண்டுற? வெளிய வாடி."

மும்தாஜ் என்கிற என் பெயரைக் கடைசி வரைக்கும் நீ மும்தாசு என்றுதான் கூப்பிட்டாய். எத்தனை தரம் திருத்தினாலும் அப்படித்தான். நான் வெளியே வந்து, "பயமா இருக்குடி" என்றேன்.

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு. பயத்த வச்சுக்கிட்டே வேலையப் பாப்போம்."

நான் நம்பவில்லை. உனக்கெல்லாம் எங்கே பயம்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்று, மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பாடுகிறவள். வார்டிலும் அதே குரல்தான், அதே வாய்தான்.

அந்த வார்டில் என் பயம் எப்போதும் தப்பான ஆளைப் பார்த்தே வரும். ரசம் கொட்டிக் கை சிவந்து, ஊரைக் கூட்டிக் கத்துகிறவர்களைப் பார்த்து நான் பதறுவேன். நீ என் தோளைப் பிடித்துத் திருப்புவாய். "கத்துறவுகளுக்குத் தெம்பு இருக்கு. அங்குட்டு பாரு, சத்தமில்லாமப் படுத்திருக்காகள்ல, அவுககிட்ட ஓடு." சிவந்து எரிகிறது என்றால் மேல்தோலோடு நின்றுவிட்டது. கொப்புளம் கட்டி, தொட்டால் துடித்தால் அதற்கும் கீழே போயிருக்கிறது. தொட்டாலும் தெரியவில்லை, தோல் வெளுத்தோ கருத்தோ இறுகிக் கிடக்கிறது என்றால், வலியைச் சொல்கிற நரம்பே வெந்துபோய்விட்டது. படிக்கும்போது இதெல்லாம் இரண்டு மார்க் கேள்வி. வார்டில் ஒரு பெண், "எனக்கு வலிக்கவே இல்ல சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் எனக்கு அது புரிந்தது.

எவ்வளவு இடம் வெந்திருக்கிறது என்று பார்க்க, சுவரில் உடம்பை நூற்றுக்கு ஒன்பது ஒன்பது பங்காகப் பிரித்த படம் ஒன்று தொங்கும். சின்னச் சின்னக் காயங்களுக்கு நீ அந்தப் படத்தைப் பார்க்க மாட்டாய். அவரவர் உள்ளங்கை, விரலோடு சேர்த்து, அவரவர் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. அவர்கள் கையை உன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அளவெடுத்தபடியே ஊர்க்கதை கேட்பாய்.

இந்த ஊர்க்கதைதான் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அதுவும் முகத்தில் நெருப்புப் பட்டவர்கள், புகைக்குள் மாட்டினவர்கள் வந்துவிட்டால் உன் வாய் ஓயாது. "பேரு என்ன? முழுசாச் சொல்லுங்க. எந்த ஊரு? சந்தைக்கு எங்குட்டு போவீக? வீட்ல என்ன கொழம்பு?" கொஞ்சம் கழித்து மறுபடியும், "பேரு என்னன்னு சொன்னீக?" ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்பத்தானடி சொன்னாக. காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

நீ என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். "பேருக்காகக் கேக்கலடி, கொரலுக்காகக் கேக்குறேன். சூடான புகை போயிருந்தா தொண்டை உள்ளுக்குள்ள வீங்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. மொதல்ல கொரல் கம்மும். அப்பறம் மூச்சுல விசில் கேக்கும். அப்பறம் அடைச்சுக்கும். அடைச்ச பெறகு குழாய் உள்ள போகாது. கம்முறப்பவே டாக்டரக் கூப்புட்டுறணும்."

அதற்குப் பிறகு உன் அரட்டையை நான் அரட்டையாகக் கேட்டதே இல்லை. யாராவது உன்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் பேச்சு எந்த இடத்தில் கரகரக்கப் போகிறதோ என்றே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் நீதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். மில்லில் வேலை பார்க்கிறவர்கள் உமித் தூசிக்கு மூக்கை மறைத்துத் துண்டு கட்டுவார்கள். தினமும் கட்டிக் கட்டி, அந்தத் துண்டின்மேல் அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. உமிக் கொட்டகையில் புகை வந்தால் துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள். கரியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும், சரி. உமி தீயாக எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு ஒரு விஷக்காற்றை விடுமே, நிறமும் இல்லாமல் வாசமும் இல்லாமல், அதை எந்தத் துண்டு நிறுத்தும்? நீ மில் வாசலிலேயே நின்று வருகிறவர் போகிறவரிடம் சொல்வாய். "ஈரத்துண்டு தூசிக்குத்தாண்ணே, புகைக்கு இல்ல. உள்ள போயிராதீக." அவர்களும் "சரி தங்கச்சி, சரி தங்கச்சி" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

போன வாரம் எனக்குக் கேஷுவாலிட்டியில் டியூட்டி. காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினவர்களில் ஒருவர்தான் இந்தக் கருப்பையா. அவர் கூட்டிவந்த ஆள் செந்தில், வள்ளியின் தம்பி. கொட்டகையில் கனன்ற உமியைக் கிளறப் போய்க் கை வெந்துவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இட்லி மாவை அப்பி, அது வறண்டு வெடித்துப் போய், அவன் போட்ட கூச்சலில் கேஷுவாலிட்டியே எழுந்து நின்றது. நான் அவனைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய், மாவு கரைய, சூடு இறங்க, தண்ணீரை ஓடவிட்டேன். கொப்புளம் கட்டியிருந்தது, தொட்டால் துள்ளினான். உன் கணக்குப்படி தெம்பான ஆள். அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் அந்த நெடி வந்தது. செந்திலிடமிருந்து அல்ல, பின்னாலிருந்து.

கருப்பையா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் ஈரத்துண்டு. உடம்பில் ஒரு சின்னக் காயம் இல்லை. மூக்கு முடி சுருண்டு கருகியிருந்தது. செருமி ஓரமாகத் துப்பினார். எச்சில் கரி நிறத்தில் விழுந்தது.

யா அல்லா, செந்திலைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். "அண்ணே, நீங்களும் உள்ள போனீகளா?"

"மாப்ளய இழுத்தாரணும்ல. துண்ட நனைச்சுக் கெட்டிக்கிட்டுத்தான் போனேன். எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். லேசா தலவலி. ஒரு டீ குடிச்சாச் சரியாப் போயிரும்."

"டீயும் வேணாம், காப்பியும் வேணாம். வந்து இந்தக் கட்டில்ல படுங்க."

"வெளையாடாதீக. மச்சினன் கை வெந்து நிக்கிறான். நான் கட்டில்ல படுத்தேன்னு என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா, பொறந்த வீட்டு ஆளத் தண்ணிக் கொழாயில நிப்பாட்டிட்டு நீங்க சொகமாப் படுத்தீகளான்னு காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா. லோடு வேற நிக்கிது. நான் வாரேன்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். கையைப் பிடித்து இழுத்தால் நிற்கிற ஆளா அவர்? மூட்டை தூக்கின உடம்பு. எனக்கு என்ன தோன்றியதோ, எட்டித் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டேன். ஆள் அப்படியே நின்றுவிட்டார். தோளில் துண்டில்லாமல் மனுஷர் தெருவில் இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர் ஆம்பிளைகளைப் பற்றி நீ அடித்த கேலியெல்லாம் அந்த நேரத்தில் கைகொடுத்தது.

"என்ன சிஸ்டர் இது? துண்டக் குடுங்க."

"மாஸ்க்க மாட்டிக்கிட்டு செத்த நேரம் உக்காருங்க, தாரேன்."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டேன். விரலில் மாட்டுகிற மெஷின் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. "பாத்தீகளா, மெசினே சொல்லுது" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சிரித்தார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அந்த விஷக்காற்று உட்கார்ந்திருந்தாலும், மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆள் போகிற நேரத்திலும் அது தொண்ணூற்றொன்பது என்றே காட்டும். டியூட்டி டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் உடனே வந்து, வாயைத் திறந்து பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "பேரு என்னண்ணே?"

"கருப்பையா." கணீரென்று இருந்தது.

எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வள்ளி வைக்கிற குழம்பில் எது பிடிக்கும், எல்லாம் கேட்டேன். கருவாட்டுக் குழம்பாம். மறுபடியும் பேரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். செந்திலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன். "கருப்பையா" என்றார். கடைசி எழுத்து தேய்ந்துபோய் வந்தது.

எனக்கு உன் முகம்தான் கண்ணில் வந்து நின்றது. வேறு எது வரும்?

அன்றைக்கும் இதே கேஷுவாலிட்டிதான். அதே உமிக் கொட்டகைத் தீ, வேறு மில். உமி அள்ளுகிற ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் வெந்திருந்தன. அவளோடு நீயும் வண்டியிலிருந்து இறங்கினாய். லீவு நாளில் வீட்டிலிருந்தவள் கூச்சல் கேட்டு ஓடிப் போயிருக்கிறாய். அவளை நீதான் உள்ளே போய் இழுத்து வந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. உன் முந்தானை நனைந்திருந்ததைப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றியதில் நனைந்தது என்று நினைத்தேன். நீ கத்தரியை எடுத்துச் சேலையை வெட்டினாய், கொலுசைக் கழற்றினாய், அவள் உள்ளங்கையைப் பிடித்து அளவு பார்த்தாய். வாய் ஓடிக்கொண்டே இருந்தது. "ஏத்தா, பேரு சொல்லு. முழுசாச் சொல்லு. மும்தாசு, அந்தச் சலைனை வெரசா..." அந்த இடத்தில் உன் குரல் கம்மியது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூக்கைச் சுற்றிக் கரி. நான் பார்த்ததை நீ பார்த்தாய். சட்டென்று வாயை மூடிக்கொண்டாய். நீ பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உனக்கும் பயம் உண்டென்று. முதல் நாள் நீ சொன்னது பொய்யில்லை. நீயாகவே பக்கத்துக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, நீயாகவே மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாய்.

குழாய் போட டாக்டர் தயாராகிவிட்டார். மயக்க ஊசி போடுவதற்கு முன்னால், நீ சொல்லிக்கொடுத்ததைத் தவிர எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "பேரைச் சொல்லுடி" என்றேன். நீ மாஸ்க்கை விலக்கினாய். "மும்தாசு" என்றாய். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலா அது? தகரத்தைத் தரையில் இழுத்தது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஊசி, குழாய், ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. எடுக்கிறோம், நாளைக்கு எடுக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி, நீ குழாயோடேயே போனாய்.

கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, தெரிந்துகொள். ஊருக்கெல்லாம் சொன்னாயே, ஈரத்துண்டு புகைக்கு இல்லை என்று. அப்புறம் முந்தானையை நனைத்துக் கட்டிக்கொண்டு எதற்கடி போனாய்? உள்ளே ஒரு உசிர் கத்துகிறது, போகாமல் என்ன செய்ய என்பாய். எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தான். அந்தப் பெண்ணுக்கு மாசக்கணக்கில் நான்தான் கட்டுப் போட்டேன். இவளால்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டே போட்டேன். கட்டை மட்டும் ஒரு நாளும் இறுக்கிக் கட்டவில்லை. இப்போது நன்றாக நடக்கிறாள். கோவிலூர்ப் பக்கம் பஸ்ஸில் பார்த்தால் எனக்கு இடம் போட்டு வைக்கிறாள்.

கருப்பையாவின் குரல் தேய்ந்ததும் டாக்டரைக் கூவி அழைத்தேன். அவர் யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே குழாய் போட்டுவிடலாம் என்றார். அதற்குள் வள்ளி ஓடி வந்துவிட்டாள். "நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்காக, இவுகளுக்கு எதுக்குக் கொழாய்? என் தம்பிக்குத்தானே காயம்?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். தொண்டை அடைக்கப் போவதை எப்படிக் காட்டுவது? "வள்ளி, அவுக கொரலக் கேளு. இது உன் வீட்டுக்காரரு கொரலா?" என்றேன். அவள் அவரைப் பார்த்து, "ஏங்க" என்றாள். அவர் ஏதோ சொன்னார். காற்றுதான் வந்தது. அவள் என் கையை விட்டுவிட்டாள்.

குழாய் போய்விட்டது. உள்ளே கரி அப்பிக் கிடந்தது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் போயிருக்காது என்றும் சொன்னார். வண்டி போன பிறகு நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். துண்டு என் மடியில் இருந்தது. ஈரம் என் யூனிஃபார்மில் இறங்கியிருந்தது.

இதுவரைக்கும் எழுதி நிறுத்தியபோது போன் அடித்தது. இரண்டாவது தரம் அடித்தபோதுதான் எடுத்தேன். வள்ளி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எடுத்துட்டாக சிஸ்டர். இந்தா, அவுககிட்டயே குடுக்குறேன்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதில் விசில் இருக்கிறதா என்று காதை அழுத்திக் கேட்டேன். இல்லை.

"அண்ணே, பேரு என்ன?"

கரகரவென்று, கல்லும் மண்ணுமாக வந்தது. "கருப்பையா." இன்னொரு மூச்சு. "என் துண்டு எங்க சிஸ்டர்?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். ஆயாம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். துண்டை இன்றைக்குத் துவைத்துப் போடுவேன். துவைத்தாலும் அந்த நெடி போகாது, அதோடுதான் அவரிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியும் இதில் உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை, பார்த்தாயா? மறந்துபோய் இல்லை. அன்றைக்கு உன் பேரைக் கேட்டேன், நீ என் பேரைச் சொன்னாய். உன் பேரை நீ சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு புகையிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் பேரைக் கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பயத்தோடு காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். நீ சொல்லுவாய் என்று.